கிணற்று நீரில் யுரேனியம்

குடிக்கும் நீர் நல்லதா, கெட்டதா என்று அறிவதற்கு நம் முன்னோர் சில எளிய சோதனைகளை வைத்திருந்தனர். கண்ணால் நோக்கித் தெளிவை அறிந்தனர். முகர்ந்து நாற்றம் உண்டா என்று பார்த்தனர். நாவில் விட்டு உப்பா, உவர்ப்பா, இனிப்பா என்று தீர்மானித்தனர். பருப்பு நன்றாக வேகும் நீரே நல்ல நீர் என்பது இல்லத்தரசிகள் அடுப்படியில் கண்ட சோதனை. இவையெல்லாம் இன்றும் பயனுள்ளவையே. ஆயினும், இச்சோதனைகளில் எதிலும் பிடிபடாமல் நீரில் கலந்திருந்து உடலுக்குத் தீங்கு செய்யக்கூடிய பொருள்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்று யுரேனியம். சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் நிலத்தையும் நீரையும் முன்வைத்து அதைப் பற்றிச் சில செய்திகளை இன்று கூற விரும்புகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத பொருள் கிணற்று நீரில் இருந்து மனிதரை நலியச் செய்வது இந்தப் பக்கத்துக்குப் புதிய செய்தியன்று. பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவின் சில ஊர்களில், மக்களின் பற்கள் பழுப்பேறின, நடுத்தர வயதிலேயே முதுகு வளையாமல் விறைத்தது, மூட்டுகள் இறுகின. ஷார்ட் முதலிய மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் இதை ஆராய்ந்து, கிணற்று நீரில் மிகுதியாக இருந்த புளோரைடே காரணம் என்று 1937ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அந்த நீர் கலங்கிய நீர் அன்று. கண்ணுக்குத் தெளிவான நீர்தான். புளோரைடாவது தான் வந்த செய்தியைப் பல்லின்மேல் எழுதிவிட்டுப் போகிறது. யுரேனியமோ அத்தகைய அடையாளம் எதையும் வெளியே காட்டுவதில்லை. ஆகவே அதை அறிய அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

யுரேனியம் என்றவுடன் அணுகுண்டும் அணு உலையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்த உலோகம் அவற்றுக்கெல்லாம் மிக மூத்தது. 1789ஆம் ஆண்டில் கிளாப்ரோத் என்ற ஜெர்மானிய இரசாயன அறிஞர் அதைக் கண்டறிந்தார். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடிக்கப்பட்டிருந்த யுரேனஸ் என்னும் கிரகத்தின் பெயரையே அதற்கும் இட்டார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்து, 1896இல், பெக்கரல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அது தானாகவே கதிர்களை வெளிவிடுகிறது என்று கண்டார். யுரேனியம் அபூர்வமான பொருளும் அன்று. கருங்கல் என்று நாம் வழங்கும் கிரானைட் பாறையில், ஒரு டன்னுக்கு மூன்று நான்கு கிராம் அளவில் அது சாதாரணமாக இருப்பதுண்டு. நம் வீட்டுப் படிக்கல்லிலும் அம்மிக்கல்லிலும்கூட அதன் அணுக்கள் இருக்கக்கூடும். கல்லுக்குள் அது அடங்கிக் கிடக்கும் வரையில் அதனால் நாம் அஞ்ச வேண்டியது பெரிதும் இல்லை. கல்லை விட்டு நீருக்குள் அது இறங்கும்போதுதான் கவனிக்க வேண்டியதாகிறது.

இனி, இந்த மாவட்டங்களின் நிலத்தைச் சற்றே பார்ப்போம். தமிழ் நிலத்தின் வட எல்லையாகப் பழைய நூல்கள் குறிக்கும் வேங்கடமலை உலகப் புகழ் பெற்ற திருத்தலம். நில நூலாருக்கும் அது ஒரு திருத்தலமே. திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் மலைப்பாதையில், பாறைச் சரிவில் ஓர் எல்லைக்கோடு தெளிவாகத் தென்படுகிறது. கோட்டுக்கு மேலே இருப்பது, பழைய கடலோரத்தில் மணல் படிந்து இறுகி உண்டான குவார்ட்சைட் பாறை. கோட்டுக்குக் கீழே இருப்பது, பூமியின் மிகப் பழைய பாறை வகையைச் சேர்ந்த கிரானைட். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 80 கோடி ஆண்டுகள் கழிந்தன என்று நில நூலார் மதிப்பிடுகின்றனர். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அவ்விடத்தைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. மலையேறும் அடியார்கள் அந்தக் கோட்டைக் கடந்தே செல்கின்றனர்.

அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள பழைய பாறைதான், மலையடிவாரத்திலிருந்து மேற்கே பலமனேர், புங்கனூர், குப்பம் வரையிலும், அதற்கப்பால் கர்நாடகத்துக் கோலார் வரையிலும் நிலத்தின் அடித்தளமாகப் பரவிக் கிடக்கிறது. இப்பாறை பஞ்சைப் போல நீரை உறிஞ்சி வைப்பதன்று. மேலே மக்கிய பகுதியிலும், கீழே உள்ள வெடிப்புகளிலும் கீறல்களிலுமே நீர் தங்கும். முற்காலத்தில் ஏரி நீர் கசிந்து மேற்பகுதியை நிறைத்தது. முப்பது நாற்பது அடிக் கிணற்றில் ஏற்றம் இறைத்தும் கமலை ஓட்டியும் பயிர் செய்தனர். பின்னர் மின்சாரப் பம்பு வந்தது. அதன்பின் ஆழ்துளைக் கிணறு வந்தது. பொன்முகலி என்று தமிழர் வழங்கும் சுவர்ணமுகி ஆறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. நீர்மட்டம் இறங்க இறங்கத் துளையும் இறங்கிற்று. மேற்குப் பகுதியில் ஆயிரம் அடி வரையில் துளையிடுவதும் இப்போது அரிதன்று. அவ்வளவு ஆழத்தில் பாறையின் கீறல்களுக்குள் நெடுங்காலம் தங்கிய நீரைத்தான் நாம் மேலே இழுக்கிறோம்.

பாறையிலுள்ள யுரேனியம் நீரில் எவ்வாறு கரைகிறது? அதற்கு இரண்டு துணைகள் வேண்டும். ஒன்று, பிராணவாயு. அது யுரேனியத்தைக் கரையாத நிலையிலிருந்து கரையக்கூடிய நிலைக்கு மாற்றுகிறது. மற்றொன்று, பைகார்பனேட் என்னும் உப்பு. மண்ணில் வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கரியமில வாயு மழைநீரில் கலந்து, பாறையைச் சிறிது சிறிதாக அரிக்கும்போது இவ்வுப்பு உண்டாகிறது. அது யுரேனியத்தோடு கைகோத்துக்கொண்டு, மறுபடியும் பாறையில் ஒட்டாதபடி அதை நீரோடு அழைத்துச் செல்கிறது.

இது வெறும் ஏட்டுக் கொள்கை அன்று என்பதற்கு அண்டையிலேயே ஒரு சான்று உண்டு. கடப்பை மாவட்டத்துத் தும்மலப்பள்ளியில் இந்திய யுரேனியக் கழகம் 2012ஆம் ஆண்டு முதல் ஒரு சுரங்கமும் ஆலையும் நடத்தி வருகிறது. அங்கே தாதுவை அரைத்து, சோடியம் கார்பனேட், பைகார்பனேட் உப்புகள் கலந்த நீரில் இட்டு, வெப்பமும் அழுத்தமும் தந்து, பிராணவாயுவைச் செலுத்தி யுரேனியத்தைக் கரைத்தெடுக்கின்றனர். ஆலை சில மணி நேரத்தில் விரைவாகச் செய்யும் வேலையையே, பாறை இடுக்கில் தங்கிய நீர் பல ஆண்டுகளில் மெல்லச் செய்கிறது. அந்த ஆலையின் கழிவுத் தேக்கத்தால் தங்கள் நீரும் பயிரும் கெட்டன என்று அப்பகுதிக் கிராமத்தார் குறை கூறி வருகின்றனர். அது தனியாக ஆராய்ந்து தீர்க்க வேண்டிய வழக்கு. சித்தூர், திருப்பதிப் பகுதியின் கிணறுகளைப் பொறுத்தவரை, சுரங்கம் ஏதும் அருகில் இல்லாமலே பாறையிலிருந்து நேரே யுரேனியம் வரக்கூடும் என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

பாறை இயற்கையின் செயல்தான். ஆனால் மனிதனுடைய கையும் இதில் உண்டு. நீர்மட்டம் தாழ்ந்தால், முன்பு நீரில் மூழ்கியிருந்த பாறைக்குக் காற்று எட்டுகிறது. வயலில் மிகுதியாக இடும் தழைச்சத்து உரமும், வீட்டுக் கழிவுநீரும் நிலத்தில் இறங்கும்போது நைட்ரேட் என்னும் பொருள் நிலத்தடி நீரில் சேர்கிறது. அது பிராணவாயுவின் வேலையைத் தானும் செய்து, யுரேனியத்தைக் கரைய வைக்கிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2015இல் அந்நாட்டின் இரு பெரிய நிலத்தடி நீர்ப் பரப்புகளை ஆராய்ந்து, நைட்ரேட்டும் யுரேனியமும் பெரும்பாலான இடங்களில் சேர்ந்தே மிகுகின்றன என்று காட்டினர். நம் நாட்டில் ராஜஸ்தான், குஜராத் கிணறுகளை ஆராய்ந்த அமெரிக்க டியூக் பல்கலைக்கழகத்தாரும் 2018இல் ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தனர். மூலம் பாறையே, ஆயினும் நீரை அளவின்றி இறைப்பதும் நைட்ரேட் கலப்பதும் நிலைமையை மோசமாக்குகின்றன என்பது அவர்கள் கருத்து.

இந்தியா முழுவதும் நோக்கினால், மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் ஆய்வுப்படி 18 மாநிலங்களில் 151 மாவட்டங்களின் சில பகுதிகளில் யுரேனியம் அளவுக்கு மிஞ்சிக் காணப்பட்டது. பஞ்சாபும் ராஜஸ்தானும் இவற்றுள் முன் நிற்கின்றன; ஆந்திரப் பிரதேசமும் தமிழ்நாடும் பட்டியலில் உள்ளன. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் அண்மை ஆண்டுகளில் கிழக்குக் கர்நாடகத்தில் 73 கிராமங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதித்தனர். 57 கிராமங்களில் அது லிட்டருக்கு 30 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. 48 கிராமங்களில் 60ஐயும் தாண்டியிருந்தது. கோலாரும் அந்த ஆய்வில் அடங்கிய மாவட்டம். பலமனேரிலிருந்தும் குப்பத்திலிருந்தும் மாநில எல்லையைத் தாண்டினால் கோலார் மாவட்டம். மாநில எல்லை பாறைக்குத் தெரியாது.

இங்கே சொன்ன அளவின் பொருளை விளக்க வேண்டும். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்றால், ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்த நீரில் ஏறத்தாழ ஓர் அரிசிமணியின் எடையளவு யுரேனியம் கரைந்திருக்கிறது என்று பொருள். உலக சுகாதார நிறுவனம் 1998இல் 2 மைக்ரோகிராம் என்றும், 2004இல் 15 என்றும், 2011இல் 30 என்றும் வரம்பைக் குறித்தது. ஆராய்ச்சி வளர வளர இவ்வெண் மாறிற்று. இன்னமும் அது தற்காலிக வரம்பே. இந்தியத் தர நிர்ணய அமைப்பும் இப்போது 30 மைக்ரோகிராமையே குடிநீருக்கு வரம்பாகக் கொள்கிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கதிரியக்கத்தை மட்டும் கருதி 60 என்று வைத்தது. 30ஐத் தாண்டிய நீரைக் குடித்தவர் நாளையே நோயுறுவார் என்பதில்லை. வாழ்நாள் முழுவதும் குடித்தாலும் தீங்கு நேராதபடி, பாதுகாப்புக்காக இடம் விட்டுக் குறித்த எல்லை அது.

யுரேனியம் உடலில் என்ன செய்கிறது? பலரும் எண்ணுவது போல் இங்கே முதல் அபாயம் கதிரியக்கத்தால் வருவதன்று. இயற்கை யுரேனியத்தின் பெரும்பகுதி பாதியாகக் குறைய ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் செல்லும். அவ்வளவு மெதுவாகச் சிதைவதால் அதன் கதிர்வீச்சு வலுக்குறைந்தது. ஈயத்தைப் போல ஒரு கன உலோகமாக இருந்து அது செய்யும் இரசாயனத் தீங்கே முதன்மையானது. அத்தீங்குக்கு இலக்காகும் உறுப்பு சிறுநீரகம்.

நீரோடு வயிற்றில் போகும் யுரேனியத்தில் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கே இரத்தத்தில் சேர்கிறது. மிகுந்தது மலத்தோடு கழிந்துவிடுகிறது. இரத்தத்தில் சேர்ந்ததிலும் பெரும்பகுதி ஒருநாளுக்குள் சிறுநீரில் வெளியேறுகிறது. எஞ்சியது எலும்பிலும் சிறுநீரகத்திலும் தங்குகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் வடிகட்டிகளும், அவற்றோடு இணைந்த நுண்குழல்களும் உள்ளன. வடிகட்டி விட்டதில் உடலுக்கு வேண்டிய சர்க்கரை, கால்சியம், சிறு புரதங்கள் ஆகியவற்றை மீண்டும் ஈர்த்துக்கொள்வது நுண்குழல்களின் வேலை. அங்கே சிறுநீர் புளிப்புத் தன்மை அடையும்போது, யுரேனியம் தன் துணையாகிய பைகார்பனேட்டை விட்டுப் பிரிந்து, குழலின் சுவரிலே ஒட்டுகிறது. சுவர் பழுதுற்றால், காக்க வேண்டிய பொருள்கள் வீணே ஒழுகிப் போகின்றன.

பின்லாந்து நாட்டிலும் கிரானைட் பாறையில் துளையிட்ட கிணறுகள் மிகுதி. அத்தகைய கிணற்று நீரைப் பல ஆண்டுகள் குடித்த 325 பேரைப் பரிசோதித்து 2002இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. யுரேனியம் மிகுந்த நீரைக் குடித்தவர்களின் சிறுநீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் கூடுதலாக வெளியேறின; நுண்குழல்களின் வேலை சிறிது தளர்ந்திருந்ததற்கு அது அறிகுறி. ஆயினும் வடிகட்டிகள் கெட்டதாகத் தெரியவில்லை. இது நமக்கு ஆறுதலும் தருகிறது, எச்சரிக்கையும் தருகிறது. ஏற்கெனவே நீரிழிவாலோ இரத்தக் கொதிப்பாலோ சிறுநீரகம் தளர்ந்தவர்களும், உடல் எடைக்கு மிகுதியாக நீர் அருந்தும் கைக்குழந்தைகளும் கூடுதல் கவனத்துக்கு உரியவர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். ஓர் ஊரில் சிறுநீரக நோய் மிகுந்தால் உடனே யுரேனியத்தின்மேல் பழி போடுவது முறையன்று. ஆந்திரத்தின் வடகோடியில் ஸ்ரீகாகுளத்து உத்தானம் பகுதியிலும், இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் சிறுநீரக நோய் பலரை வாட்டுகிறது. பல்லாண்டு ஆராய்ந்தும் அதற்கு ஒரே காரணம் இதுதான் என்று விஞ்ஞானிகள் துணியவில்லை. வீண் பீதி, அலட்சியத்தைப் போலவே கேடு தரும். ‘கதிரியக்க நீர்’ என்ற பேச்சு பரவினால், அவ்வூரில் பெண் கொடுக்கவும் காய்கறி வாங்கவும் மக்கள் தயங்குவர். அளந்து பார்த்து எண்ணைச் சொன்னால், செய்ய வேண்டியது இன்னதென்று விளங்கும்.

அளப்பதற்கு வழி எளிதாகவே இருக்கிறது. சிறிய புறஊதா ஒளி பட்டால் யுரேனியம் கரைந்த நீர் பச்சையாக ஒளிரும் இயல்புடையது. அவ்வொளியின் அளவைக் கொண்டு யுரேனியத்தின் அளவைக் கூறும் கருவிகள் நம் நாட்டு ஆய்வுக்கூடங்களில் உள்ளன. ஆனால் ஊராட்சிகளில் வழங்கும் சோதனைப் பெட்டி உப்பு, புளோரைடு, நைட்ரேட் முதலியவற்றையே பார்க்கும், யுரேனியத்தைப் பாராது. ஆதலால் ‘எங்கள் நீர் சோதனையில் தேறியது’ என்று கூறுவோர், எந்தெந்தப் பொருளுக்காகச் சோதித்தனர் என்று கேட்டறிய வேண்டும். மேலும், ஒரு கிணற்றின் கணக்கு அடுத்த கிணற்றுக்குப் பொருந்தாது. ஒரு துளை எந்தக் கீறலைத் தொட்டதோ அதைப் பொறுத்தே அதன் நீர் அமையும். நூறு கெஜத் தொலைவில் உள்ள இரண்டு துளைகளில் ஒன்று நல்ல நீரும், மற்றொன்று தீய நீரும் தரக்கூடும். மாவட்டத்துச் சராசரி, தனி வீட்டின் குடத்துக்கு விடை ஆகாது.

இந்த இடத்தில் வங்காள தேசம் நமக்கு ஒரு பாடம் கற்பிக்கிறது. அங்கே குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக் என்னும் நஞ்சு பரவியிருப்பது தெரிந்தபோது, ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, வரம்பைத் தாண்டியதற்குச் சிவப்பும், தாண்டாததற்குப் பச்சையும் பூசினர். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் எந்தக் கிணற்றில் நீர் எடுக்கலாம் என்று அறிந்தாள். பல குடும்பங்கள் பக்கத்திலிருந்த பச்சைக் கிணற்றுக்கு மாறின. சித்தூர், திருப்பதி மாவட்டங்களிலும் குடிநீர் தரும் ஒவ்வோர் ஆழ்துளைக் கிணற்றையும் யுரேனியத்துக்காக ஒரு முறையேனும் சோதித்து, அந்த எண்ணை அதன் மேடையிலேயே வண்ணத்தால் எழுதி வைக்க வேண்டும். கிணற்றை மேலும் ஆழப்படுத்தினால் மறுபடியும் சோதிக்க வேண்டும். ஊரகக் குடிநீர் வழங்கும் துறையாரிடம் கிராம சபைகள் இதை வற்புறுத்திக் கேட்பது நியாயமான கோரிக்கை ஆகும்.

சோதனையில் அளவு மிஞ்சியிருந்தால் என்ன செய்வது? முதலாவதாக, காய்ச்சுவதால் யுரேனியம் போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் அது சற்றுச் செறியவே செய்யும். குளோரின் இடுவதும், துணியில் வடிப்பதும், புறஊதா விளக்கு வடிகட்டியும் கிருமிக்கு மருந்தாகலாம். கரைந்த உலோகத்துக்கு ஆகா. எதிர் சவ்வூடு முறையில் வேலை செய்யும் ஆர்.ஓ. கருவி யுரேனியத்தின் பெரும்பகுதியை நீக்கும். அயனி மாற்றுப் பிசின் கொண்ட கருவியும் நீக்கும். ஊர்ப் பொதுவில் இருக்கும் ஆர்.ஓ. நிலையத்துக் கேன் நீரை நம்புவோர், அதன் சவ்வு காலந்தோறும் மாற்றப்படுகிறதா என்று விசாரிக்க வேண்டும். அந்நிலையம் கழிக்கும் நீரில் யுரேனியம் செறிந்திருக்கும். அதை அதே கிணற்றின் அருகில் குழி வெட்டி விடுவது, வீட்டைக் கூட்டிக் குப்பையை அடுப்படியில் கொட்டுவது போன்றது.

குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே நல்ல நீர் வேண்டும். குளிக்கவும் துணி துவைக்கவும் பழைய நீரையே தயங்காமல் பயன்படுத்தலாம். தோலின் வழியே யுரேனியம் உடலில் சேர்வது அற்பம். ஆகவே ஒரு குடும்பத்துக்கு நாள்தோறும் தேவைப்படுவது ஓரிரு குடம் நல்ல நீரே. அதற்கு மழைநீர் மிகச் சிறந்தது. வானத்திலிருந்து விழும் நீர் பாறையைத் தொடாதது. கூரையில் விழும் மழையை முதல் நீர் கழித்துத் தொட்டியில் பிடித்து மூடி வைத்தால், சில மாதங்களுக்குக் குடிநீர்க் கவலை தீரும். திருப்பதி நகருக்குக் கண்டலேறு தேக்கத்திலிருந்து தெலுங்கு கங்கை நீர் வருவது போல், மேட்டுப் பகுதிக்கு ஹந்திரி-நீவா கால்வாயின் வழி கிருஷ்ணா நீரைக் கொண்டுவரும் திட்டமும் உள்ளது. அந்நீரில் முதற்பங்கு வயலுக்கா, வாய்க்கா என்பதை ஊர்கள் முன்னதாகவே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

ஏரிகளைத் தூர் எடுப்பதும், உரத்தை அளவோடு இடுவதும், கழிவுநீர் நிலத்தில் இறங்காமல் தடுப்பதும் நெடுநாள் மருத்துவம். உடனடியாகச் செய்ய வேண்டியது ஒரு சீசா நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது. நோய் வந்தபின் சிறுநீரகத்தைச் சீர்படுத்துவது அரிது, செலவும் மிகுதி. நீரை மாற்றுவதோ நம் கையில் உள்ளது. யுரேனியம் மிகுந்த நீரைக் குடிப்பதை நிறுத்தினால், உடலில் சேர்ந்ததில் பெரும்பகுதி மெல்ல மெல்லத் தானே கழியும். பாறையை நாம் மாற்ற முடியாது. எந்தக் கிணற்றிலிருந்து நம் குழந்தைக்கு நீர் எடுக்கிறோம் என்பதை மாற்ற முடியும். அதற்கு அந்தக் கிணற்றின் எண் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.